நாலு கறுப்பு ஜன்னல்

ராத்திரி எட்டு மணி. போனக்காடு மலையிலிருந்து வித்துராவுக்கு இறங்குகிற ரோடு. மழை. ரதீஷ் பைக்கில் வேலைக்குக் கிளம்பி வந்தான்... ஒரு வளைவுக்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்ட வந்து உட்காருங்கள்.

நம்ம பிரஜினின் பெரியப்பா மகன் சுஜினுக்கு நடந்தது இது. 2002. திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி. அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புகிற பதிவுகளை ராத்திரி முழுக்கக் கேட்டுத் தட்டச்சு செய்வார்கள். மாடிக் கணினியில் சேருகிற அந்தக் குரல்களைக் கீழ்த்தளத்துக் கணினிக்கு நகலெடுத்துவிட்டு, மாடியில் இருப்பதை அழிக்க வேண்டும். அதுதான் சுஜினின் வேலை. அழிக்காவிட்டால் புதியது இறங்க இடமில்லை.

ஒவ்வொரு ஃபோல்டராக எடுத்தால் விடிந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் தானாகவே நகலெடுக்க ஒரு பேட்ச் ஃபைல் எழுதினான். தட்டினால் திரையில் நாலு கறுப்பு ஜன்னல் ஒரே நேரத்தில் திறக்கும். ஆளுக்கொரு பங்கைத் தூக்கிக்கொண்டு ஓடும். வேலை முடிந்தாலும் மூடும். பாதியில் செத்தாலும் மூடும். ஜன்னலை நம்ப முடியாது. சுஜின் கூட வேலை பார்க்கிற ரதீஷை நம்பினான். கீழே இருந்து ரதீஷ் சரிபார்த்து இன்டர்காமில் சொல்வான். அதன் பிறகுதான் அழிப்பது.

அன்றைக்கு ரதீஷ் மாடிக்கு வந்து முகம் காட்டவில்லை. மழை, தாமதம், நேராகக் கீழே போயிருப்பான் என்று சுஜின் நினைத்தான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. இன்டர்காம் அடித்தது.

“எல்லாம் வந்தாச்சு மக்கா. அழிச்சிக்கோ.”

“என்ன லே, சத்தம் ஒரு மாதிரி இருக்கு? கப்பக்கிழங்கும் மீனும் ஏத்திட்டு ஒறங்குதியா?”

ரிசீவருக்குள் மழை.

“அழிச்சிக்கோ மக்கா.”

அழித்தான்.

காலையில் பார்த்தால் கீழே எல்லா ஃபைலும் இருந்தது. பெயர் சரி. அளவு சரி. போட்டுக் கேட்டால் மழை. எதைத் திறந்தாலும் மழை மட்டும். அந்த மாதம்தான் சுஜினுக்கு வேலை நிரந்தரமாக வேண்டியது.

“ரதீஷ் பாத்துட்டுச் சொன்னான் சார்” என்றான் மேனேஜரிடம்.

வாட்ச்மேன் வேலாயுதன் குறுக்கே வந்தார். “அவன் இன்னலே ராத்திரி வந்நிட்டே இல்ல சாரே. கீழ ரூம் பூட்டு நான் தொறக்கவே இல்ல.”

அப்புறம் வித்துராவிலிருந்து செய்தி வந்தது. ரதீஷ் பைக்கோடு ஓடைக்குள் விழுந்திருக்கிறான். கால் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கிடந்து, விடியும்போதுதான் உயிர் போயிருக்கிறது.

“எந்தாடா, ஓடையில கெடந்தவன் இன்டர்காம்ல பேசினானா?” என்றார் மேனேஜர். பொய்க்காரன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சுஜின் அடக்கத்துக்குப் போகவில்லை. “ரெண்டு வருஷம் ஒரே தட்டுல தின்னவன்லா. சாகும்போதும் என்னச் சதிச்சிட்டுப் போயிட்டான்” என்று பிரஜினிடம் சொன்னான். அழவில்லை.

அந்த மழையை எல்லாரும் பாதியில் நிறுத்திவிட்டார்கள். தட்டச்சு செய்கிற சிஜி மட்டும் ஒரு ஃபைலைக் கடைசிவரை கேட்டாள். முடிகிற இடத்தில், மழைக்கு அடியில், ரதீஷ் முனகுகிறான்...

“சுஜினே... கால எடுக்க முடியல. யாரயாவது கூப்பிடு மக்கா...”

பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள். ஈர இலையை மிதிக்கிற சத்தம். பிறகு பதில். மெதுவாக, பிரியமாக.

“கூப்பிட்டாச்சு மக்கா. ஆள் வருது. நீ சத்தம் போடாம கெட.”

அது சுஜினின் குரல்.