இன்பராஜின் ஐந்து நட்சத்திரங்கள்

சாம்பார் நன்றாக இருந்தால் யாரும் எழுத மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, பஸ் பிடித்துப் போய்விடுவார்கள். உப்பு ஜாஸ்தியாக இருந்தால் மட்டும் கூகுளில் மூன்று பத்தி எழுதி, ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, ஆறிப்போன தோசையின் படத்தையும் சேர்த்துவிடுவார்கள். என் தொழில் இந்த ஓரவஞ்சனையில்தான் ஓடுகிறது. திருப்தியானவர்கள் வாயைத் திறப்பதில்லை என்பதால் அவர்கள் சார்பில் நான் பேசுகிறேன்.

விசாரணை அதிகாரி நீங்கள் எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள், எழுதுகிறேன். பெயர் நவநீதன். சொந்த ஊர் திமிரி, வயது நாற்பத்தொன்று. வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அலுவலகம். நகைக்கடை, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் என்று பதினெட்டு நிறுவனங்களின் பெயர் இணையத்தில் கெடாமல் பார்த்துக்கொள்கிறேன். ஆம்பூர் பக்கத்துத் தோல் கம்பெனி அதில் ஒன்று. அதைக் கம்பெனி என்றே எழுதுகிறேன். பெயரைப் போட்டால் நாளைக்கு யாராவது இந்தக் காகிதத்தைப் படமெடுத்துப் போடுவார்கள், அது தேடலில் மேலே வந்து நிற்கும். பழக்க தோஷம், மன்னிக்கவும்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய இன்பராஜ் விஷக்காற்றில் செத்துப்போனார். தொட்டியிலிருந்து கெட்ட காற்றை இழுத்து வெளியே தள்ளும் ப்ளோயர் சரியாகிவிட்டது, தைரியமாகப் போங்கள் என்று அவரை அனுப்பிவைத்தவள் அவருடைய மனைவி பிரிசில்லா. கம்பெனியின் வாட்ஸ்அப் எண்ணிலிருந்து அப்படிப் பதில் வந்தது என்கிறாள் அவள். அப்படி எதுவும் போகவில்லை என்கிறது கம்பெனி. மாமியார் அன்னம்மாள், "நீதாண்டி எம்புள்ளய அனுப்பி வெச்ச" என்று சாவு வீட்டிலேயே அவளைத் தள்ளிவிட்டிருக்கிறார். அவளிடம் அப்படிச் சொன்னது யார் என்று நீங்கள் கேட்டீர்கள்.

அந்த எண்ணில் பதில் போடுவது தானியங்கி என்று திங்கட்கிழமை உங்கள் அறையில் சொன்னேன். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. தொழில் எப்படி நடக்கிறது என்று முதலில் சொன்னால்தான் திருத்தம் விளங்கும். இந்த இடத்துக்கு வருவதற்குள் நான்கு முறை எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்துவிட்டேன். கையெழுத்து மாறியிருந்தால் அதுதான் காரணம்.

கம்பெனியில் புகார்ப் பெட்டி உண்டு. கேட்டுக்குப் பக்கத்தில், கேமராவுக்கு நேர் கீழே. அதில் எவன் போடுவான்? அதனால் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது, கூகுள் மேப்பில் கம்பெனியைத் திறந்து அங்கே எழுத ஆரம்பித்தார்கள். குடிக்கிற தண்ணீர் நாறுது. கக்கூஸ் போனா நேரம் எழுதறாங்க. வாங்குகிறவன் கருத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் தையல் பிரிவுப் பெண்கள் மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் ஷூ வாங்குகிறவனுக்குச் சென்னையில் ஓர் ஆள் இருப்பான். அவன் கம்பெனியைப் பார்க்க வருவதற்கு முன்னால் பார்ப்பது அந்த மேப்பைத்தான். நான் பொறுப்பேற்றபோது கம்பெனிக்கு மூன்று நட்சத்திரம்கூட இல்லை.

எழுதுகிறவன் வாயை அடைக்கக் கூடாது, அவனுக்கு வேறொரு காதைக் காட்ட வேண்டும். இது நானே கண்டுபிடித்த முறை, இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஒரு வாட்ஸ்அப் எண் வாங்கி அதற்குக் 'கம்பெனி அண்ணன்' என்று பெயர் வைத்தேன். ஒற்றை நட்சத்திரம் விழும்போதெல்லாம் கீழே மரியாதையாக எழுதுவேன்: வணக்கம், உங்கள் குறையை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள், ஒரே நாளில் தீர்த்துவைக்கிறோம். அவர்கள் அனுப்புவார்கள். அது லாங் பஜாரில் என் மேஜை மேல் இருக்கும் ஃபோனுக்கு வரும். அங்கிருந்து எங்கேயும் போகாது. பர்சனல் மேனேஜர் ஜெயசீலனுக்கு மாதம் ஒருமுறை எண்ணிக்கை மட்டும் போகும், இத்தனை வந்தது, இத்தனை தீர்ந்தது என்று. பதில் போட்டால் தீர்ந்த கணக்கு. செய்திகள் இருபத்திநாலு மணி நேரத்தில் தானாகவே அழிகிற மாதிரி வைத்திருந்தேன். இடத்தை அடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மனிதர்கள் விசித்திரமானவர்கள். பதில் வந்தாலே பாதி ஆறிப்போய்விடுகிறார்கள். 'சரிசெய்யப்பட்டது' என்று போட்டதும், அடுத்த நாள் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு, "இப்ப பரவாயில்ல அண்ணா" என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். நன்றி சொல்லி, ஒன்றை ஐந்தாக மாற்றிவிடுவார்கள். எட்டே மாதத்தில் கம்பெனி நாலரையைத் தொட்டது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை இன்பராஜ் எழுதினார். அவருடைய கணக்கில் அவருடைய படம் இருக்கும், கட்டம்போட்ட சட்டை, ஏதோ கல்யாணத்தில் எடுத்தது. 'ப்ளோயர் ஓடல. ஆள எறக்காதீங்க. போன வாட்டியே ஒருத்தர் மயங்கிட்டாரு.' ஒற்றை நட்சத்திரம். செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் அறுபத்துமூன்று பேர் அதற்கு விருப்பம் போட்டிருந்தார்கள், எல்லாம் கம்பெனி ஆட்கள். அதனால் அது முதல் வரிசைக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை சென்னை ஆள் வருகிறான். ஜெயசீலன் இரண்டு முறை ஃபோன் செய்தார். "எப்பா, இன்னா இது மேலயே நிக்குது? பேஜாரா இருக்குது. எடு அத."

கூகுளில் புகார் கொடுத்து நீக்க நாலைந்து நாள் பிடிக்கும். எழுதியவரே மாற்றினால் ஒரு நிமிடம். வழக்கம்போல எண்ணைக் கொடுத்துப் பதில் எழுதினேன். இன்பராஜ் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிரிசில்லா கண்டுகொண்டாள். அவள் அதே கம்பெனியில் தையல் பிரிவு. செவ்வாய் மாலை ஆறு மணிக்கு, பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, அவளுடைய ஃபோனிலிருந்து அனுப்பினாள். அந்தச் செய்தியை அப்படியே தருகிறேன், மாதக் கடைசியில் எண்ணிக்கை சரிபார்க்கப் படமெடுத்து வைத்திருந்தேன்.

'அண்ணா நான் இன்பராஜ் ஒய்ஃப். ப்ளோயர் ஓடலன்னு மூணு வாட்டி சொல்ட்டாரு. நாளைக்கி காலைல அவர எறங்க சொல்லி இருக்காங்க. எனக்கு பயமா இருக்கு. சரி பண்ணிட்டீங்கன்னா சொல்லுங்க அண்ணா. இல்லன்னா நான் அவர அனுப்ப மாட்டேன்.'

ஆறு மணி பதினொன்றுக்குப் பதில் போனது. ஏழு மணிக்கு முன்பாகவே இன்பராஜ் ஒற்றை நட்சத்திரத்தை ஐந்தாக மாற்றி, 'ப்ளோயர் சரி பண்ணிட்டாங்க. நன்றி' என்று எழுதியிருந்தார். ஜெயசீலன் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு இன்பராஜ் இறங்கியிருக்கிறார். பத்தரைக்கு ஜெயசீலன் கூப்பிட்டார். "ஒருத்தன் போய்ட்டான்பா. நியூஸ் வர்றதுக்குள்ள எதனா பண்ணு." பண்ணினேன். கம்பெனி நடத்திய ரத்ததான முகாம், மரம் நட்ட விழா, பெண் தொழிலாளர்களுக்குக் கண் பரிசோதனை, எல்லாப் பழைய செய்திகளையும் புதுத் தலைப்பில் ஏற்றினேன். மூன்றே நாளில் சாவுச் செய்தி இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் பக்கத்துக்கு யாரும் போவதில்லை. இன்பராஜ் என்று தேடினால், பாதுகாப்பு விதியை மீறி இறங்கிய தொழிலாளி என்று ஒரு கட்டுரை வருகிற மாதிரியும் செய்தேன். விசாரணையில் ஜெயசீலன் உங்களிடம் காட்டினாரே, செத்தவரே முந்தின நாள் கொடுத்த ஐந்து நட்சத்திரம், அதைப் படமெடுத்துச் சிவப்புக் கட்டம் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். வேலை சுத்தமாக இருந்தது.

பிரிசில்லா அடக்கம் முடிந்து வந்து ஃபோனைத் திறந்து காட்டியபோது அதில் எதுவும் இல்லை. அவள் கேட்டதும் இல்லை, வந்த பதிலும் இல்லை. இருபத்திநாலு மணி நேரம் தாண்டிவிட்டது. நான் எதையும் அழிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். நான் யாருக்கு வேலை செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. இணையத்தில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிற ஆள் வேலூரில் இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கீழே கைவண்டியும் ஆட்டோவும் போட்ட சத்தத்தில் அவள் சொன்னது முதலில் காதில் விழவில்லை. ஜன்னலைச் சாத்தினேன்.

"சார், எங்க வீட்டுக்காரர் போட்டோ கூகுள்ல நிக்குது. அஞ்சு ஸ்டார் போட்டு, நன்றின்னு எழுதி இருக்குது. அவரு போய்ட்டாரு சார். போனும் தொட்டிலயே போய்டுச்சி. அத எடுத்துக் குடுங்க."

"கஷ்டம்மா. எழுதனவங்கதான் எடுக்கணும்."

"அவரு எப்படி சார் எடுப்பாரு?"

நான் கணினியைப் பார்த்தேன். என்னிடம் நாற்பது போலிக் கணக்குகள் இருக்கின்றன. அத்தனையிலிருந்தும் புகார் போட்டால் அந்த வாரமே எடுத்துவிடலாம். எடுத்தால் கம்பெனியின் கையில் இருக்கும் ஒரே சாட்சி போய்விடும்.

"அதக் காட்டித்தான் சார், உம் புருசனே நல்லா இருக்குன்னு எழுதிட்டுத்தான் போனான்றாங்க. எங்க அத்த எங்கிட்ட பேசறதில்ல. சோறு போட்டா தட்ட தள்ளிடறாங்க." அவள் அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். என் எண்.

"இந்த நம்பர்ல பதில் போட்டது யாருன்னு கண்டுபுடிக்க முடியுமா சார்? நான் பாத்தது நெஜம். நான் படிச்சேன், அவருக்கும் படிச்சிக் காட்னேன். இப்ப அது இல்ல. எனக்கே புத்தி கெட்டுடுச்சான்னு சந்தேகமா இருக்குது."

அந்த ஃபோன் என் முழங்கைக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தது.

"அது மெஷின்மா," என்றேன். "ஆள் கெடையாது. யார் எத கேட்டாலும் சரி பண்ணிட்டோம்னுதான் சொல்லும்."

"மெஷினா?" சீட்டிலிருந்த எண்ணை மறுபடி எடுத்துப் பார்த்தாள். "மெஷினுக்கு எப்படி சார் அவரு பேரு தெரியும்? இன்பராஜ் அண்ணன் தைரியமா இறங்கலாம்னு போட்டிருந்துச்சே."

"இப்பல்லாம் மெஷினுக்கு எல்லாம் தெரியும்மா."

அவள் தலையாட்டினாள். நான் சொன்னதை நம்பிவிட்டாள். "அப்ப தப்பு எம்மேலதான் சார். மெஷின் பேச்ச கேட்டு ஆள அனுப்பிட்டேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தாள். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதை மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள், அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காது. காலில் ஏதோ ஓடுகிற மாதிரி இருக்கிறது. கோட்டை அகழியைச் சுற்றி நடக்கிறேன், திரும்பி வருகிறேன், ஃபோனைத் திறந்து கம்பெனிப் பக்கத்தில் அந்தக் கட்டம்போட்ட சட்டையைப் பார்க்கிறேன், மறுபடி கிளம்புகிறேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

திருத்தம் இதுதான். என்னிடம் மெஷின் எதுவும் கிடையாது. அந்த எண்ணில் வந்த ஒவ்வொரு செய்தியையும் நானே படித்து நானே பதில் போட்டேன். செவ்வாய் மாலை பிரிசில்லாவின் செய்தியைப் படித்ததும் ஜெயசீலனைக் கூப்பிட்டேன். இதை நான் உங்களிடம் சொல்லவில்லை.

"ப்ளோயரா?" என்றார். "காயில் எரிஞ்சி பத்து நாளாச்சு. மெட்ராஸ்லருந்து வரணும்."

"நாளைக்கி ஆள் எறங்கறாராமே சார்?"

"வாரா வாரம் எறங்கறானுங்கப்பா. உனக்கு இன்னா அது? நீ ஸ்டார பாரு."

ஃபோனை வைத்துவிட்டு நான்கு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அப்போதெல்லாம் என்னால் உட்கார முடிந்தது. இல்லை என்று பதில் போட்டிருந்தால் அவள் அவரை அனுப்பியிருக்க மாட்டாள், அதை அவளே எழுதியிருந்தாள். பதிலே போடாமல் விட்டிருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டாள். இரண்டிலும் அந்த ஒற்றை நட்சத்திரம் வியாழக்கிழமை வரை அப்படியே நிற்கும். எனவே டைப் செய்தேன்: 'வணக்கம் சகோதரி. ப்ளோயர் இன்று மாலை சரிசெய்யப்பட்டது. இன்பராஜ் அண்ணன் தைரியமாக இறங்கலாம். பதிவை மாற்றி உதவவும்.' பெயரை நான்தான் சேர்த்தேன். பெயர் சொல்லி எழுதினால் ஜனங்கள் சந்தேகப்படுவதில்லை. ப்ளோயர் ஓடவில்லை என்று தெரிந்து, அவர் இறங்குவார் என்றும் தெரிந்துதான் அதை அனுப்பினேன்.

அவள் செய்தியோடு சேர்த்தே எடுத்து வைத்திருந்த அந்தப் பதிலின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். பிரிசில்லாவிடமும் அன்னம்மாளிடமும் அதைக் காட்டுங்கள். ஒன்றை மட்டும் என் பக்கத்து நியாயமாகச் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன்: அவள் மிகவும் பயந்துபோயிருந்தாள், என் பதிலைப் படித்த பிறகு அன்று ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.