மீட்டர் அண்ணாச்சியின் குரல்

— போதும், நீங்க ஒவ்வொரு கமெண்டுக்கும் பதில் சொல்லிக்கிட்டே இருந்தா தொண்டை என்னத்துக்கு ஆகும்? போனை உள்ள வைக்கிறேன்.

— இன்னும் ஒண்ணே ஒண்ணு வாசி ஜோஸ்பின். தமிழை இங்கிலீஷ் எழுத்துல எழுதுதானுவ, எனக்கு வாசிக்க ஓடமாட்டேங்கு.

— அரே பாபா... சரி, கேளுங்க. "பதினாலு வருஷம் கழிச்சு நிலா டாக்ஸி கார்ட்டூன் மறுபடி வருதுன்னு ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு உக்காந்தேன். கதை சூப்பர், காமெடி சூப்பர். மீட்டர் அண்ணாச்சிக்கு மட்டும் யாரோ புது ஆளைப் பேச வச்சுக் கெடுத்துட்டாங்க. பழைய குரல் எங்கய்யா?" கீழ எழுநூறு பேர் லைக் போட்டிருக்காங்க.

— புது ஆளா? அன்னைக்கும் நான்தான், இன்னைக்கும் நான்தான், கேட்டியா. கடைசியில ஜோன்ஸ்னு பேரு போடுதாங்கள்ல?

— பேரு வர்றதுக்குள்ள அடுத்த எபிசோடு ஓடிருது. யார் பாக்குறா?

— பேப்பர்ல என்ன போட்டிருக்கான்?

— இங்கிலீஷ் பேப்பர்ல நாலு ஸ்டார். நிலாவுக்கும் பூமிக்கும் சவாரி அடிக்கிற கறுப்பு மஞ்சள் டாக்ஸி, கார்ட்டூனா இருந்தாலும் பெரியவங்களைத்தான் ஜாஸ்தி சிரிக்க வைக்குதாம். முன்னாடி வந்ததை விட இது நல்லா இருக்காம். தமிழ் டப்பிங் பத்தி ஒரே ஒரு வரிதான்.

— சொல்லு.

— சோடோ, விடுங்க, வேண்டாம்.

— சொல்லுன்னா.

— "பேசுற மீட்டருக்கு மூச்சு வாங்குது"ன்னு.

— ம். சரியாத்தான் எழுதியிருக்கான். மிஷினுக்கு ஏது மூச்சு?

— ஜன்னலைச் சாத்தட்டுமா? சாரல் உங்க மேல அடிக்குது.

— இருக்கட்டும். மழைச் சத்தம் நல்லாருக்கு. ஸ்டுடியோவுலயும் இப்படித்தான், கேட்டியா. இருட்டா இருக்கும். ஹெட்போனை மாட்டின உடனே காட்கோபர் ரோட்டுச் சத்தம் பூரா அணைஞ்சிரும். முன்னால திரையில நிலா. கால் தரையிலதான் இருக்கான்னு குனிஞ்சு பாப்பேன்.

— வடாலா கோடவுன்ல மூட்டை எண்ணிட்டு, சட்டையைக் கூட மாத்தாம ஓடுவீங்க.

— "ஏல, பூமி கிட்டக்கதான தெரியுது, எறங்கி நடந்து போ!" மொதல் நாள் இதைச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் சிரிச்சுச் சிரிச்சு நாற்காலியோட விழுந்தான். எழுதிக் குடுத்த வசனமே இல்ல. எங்க சாத்தான்குளத்துல பஸ் கண்டக்டர் திட்டுத மாதிரி வாயில வந்துட்டு.

— எனக்குத் தெரியாதா? சர்ச்ல பிள்ளைங்க எல்லாம் உங்களைப் பாத்தாலே "நடந்து போ அங்கிள்"னு கத்தும்.

— நேத்து மத்தியானம் கண் அசந்தேன். அந்த டாக்ஸி நம்ம மூணாவது மாடி ஜன்னல்கிட்ட மிதந்துக்கிட்டு நிக்கு. இந்த மழையில ஒரு சொட்டு நனையல. டிரைவர் இல்ல. மீட்டர் மட்டும் பச்சையா எரியுது. நான் வாயைத் தொறக்கேன், அது பேசுது. நான் மூடினா, அதுவும் மூடிருது.

— என்ன பேசிச்சு?

— அதான் ஞாபகம் வரல. நல்லதா ஏதோ பேசிச்சு.

— டீ போடட்டுமா?

— உக்காரு. காலையில ஸ்டுடியோவுலேர்ந்து அந்தப் பிள்ள ஸ்வீட்டி போன் பண்ணிச்சு. மிச்சமுள்ள நாலு எபிசோடுக்கு நான் வேண்டாமாம்.

— அப்ப யாரு பேசுவா?

— உல்லாஸ்நகர்ல ஒருத்தனைப் பிடிச்சிருக்காங்க. என்னோட பழைய குரலை அச்சு அசலா பேசுதானாம். "ஜனங்க பழைய குரலே வேணும்னு கேக்காங்க அங்கிள், ஸாரி"ங்கா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு, கேட்டியா. சிரிச்சா இருமலும் வந்துட்டு.

— நல்லதாப் போச்சு. மூணு மாசம் வாயைத் திறக்காதீங்கன்னு டாக்டர் என்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னாரு. இனியாவது கேளுங்க.

— நல்லதா? உனக்கு வருத்தமே இல்லியா?

— பின்னே என்ன பண்ணச் சொல்றீங்க?

— எல்லாம் ஒருத்தன் பத்த வச்சது. ஸ்வீட்டிதான் சொல்லிச்சு, மொதல் எபிசோடு வந்து பத்து நிமிசம் இருக்காது. "இது அவர் குரல் இல்ல, அவரைக் கூட்டிட்டு வாங்க"ன்னு எழுதிட்டான். அது வரைக்கும் எவனும் வாயைத் தொறக்கல. அதைப் படிச்சுட்டுத்தான் அம்புட்டு பேரும் ஆமா போட்டாங்க. அவன் யாருன்னு தெரிஞ்சா நேர்ல போவேன்.

— போய்? சண்டை போடுவீங்களா?

— ச்சே. முன்னால நின்னு ஒரு வரி பேசிக் காட்டுவேன். தம்பி, நான்தான்யான்னு சொல்லுவேன்.

— எங்கயும் போக வேண்டாம்.

— ஏன்?

— நான்தான் எழுதினேன்.

— ஜோஸ்பின்...

— என்னை ஏசுங்க, அடிக்கக் கூட அடிங்க. நான் சொன்னா நீங்க கேக்கல, டாக்டர் சொன்னாலும் கேக்கல. ரெக்கார்டிங் முடிஞ்சு வர்ற அன்னைக்கெல்லாம் வாஷ்பேசின்ல ரத்தம் துப்புவீங்க. நீங்க தண்ணி விட்டுட்டா எனக்குத் தெரியாதா? ஸ்டுடியோக்காரங்களே நிறுத்தினாத்தான் நிப்பீங்கன்னு தோணிச்சு. இத்தனை பேர் சேருவாங்கன்னு கர்த்தர் சத்தியமா நினைக்கல. மூணு மாசம் ரெஸ்ட் எடுத்தா குரல் திரும்பிரும், அப்புறம் நூறு எபிசோடு பேசட்டும்னுதான்... ஏன் இப்படிப் பாக்குறீங்க? ஏதாவது சொல்லுங்க.

— அழாத. ரெஸ்ட் எடுத்தா திரும்பிரும்னு உங்கிட்டச் சொல்லச் சொல்லி, டாக்டர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினதே நான்தான். பேசினாலும் பேசாட்டாலும் கிறிஸ்மஸுக்குள்ள இந்தக் குரல் போயிரும் ஜோஸ்பின். போறதுக்குள்ள அந்த நாலு எபிசோடையும் பேசிரலாம்னு இருந்தேன்.