செருப்பு கழன்றது தெரிந்தவர்

“நேத்து வாய்க்கால்ல எஞ் செருப்பு கழண்டுச்சு மாப்ள. கழண்டது எனக்கே தெரிஞ்சுச்சு!”

கம்பத்திலிருந்து தேனி போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெரியவர் ஏதோ சாமியே நேரில் வந்ததுபோல் இதைச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

“அது எல்லாருக்கும் தெரியுறதுதான மச்சான்?”

“சக்கரையில காலு மரத்துப்போன எனக்கு? போன வருசம் ஒத்தச் செருப்போட வயல்லருந்து வீடு வந்து சேந்தேன். உள்ளங்கால்ல ஆணி ஏறியிருக்கு. ஒங்கக்கா பாத்துக் கத்துனப்பதான் தெரியும். அன்னையிலருந்து தரையப் பாக்காம ஒரு அடி வச்சதில்ல.”

“மாத்திரையிலயா சரியாச்சு?”

“மாத்திரையும்தான். டாக்டரம்மா சொன்னாகன்னு குடிய விட்டேன். நம்ம வயல் நெல்லாச்சேன்னு மூணு வேளையும் சோறு தின்ன ஆளு, ஒரு வேளைக்குக் கொறச்சுட்டேன். மத்ததுக்குக் கீரை, பயறு, முட்டை. தெனம் வாய்க்காக் கரையில நடை. நேத்து செருப்பு போனதும் தண்ணி சில்லுன்னு ஏறுச்சு மாப்ள! அங்கனயே நின்னு அழுதுட்டேன்.”

பக்கத்தில் இருந்தவர் குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

சின்னமனூர் வந்தது. “பாத்து எறங்குங்கய்யா” என்றார் கண்டக்டர்.

பெரியவர் குனியவே இல்லை. மேற்கே மலையைப் பார்த்தபடி, காலாலேயே தேடித் தேடி, ஒவ்வொரு படியாக இறங்கினார்.