ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள்

என் அக்காவுக்குக் கணீரென்ற குரல். மூன்றாவது மாடியிலிருந்து பேசினால் கீழே பேருந்துக்கு நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். கடையில், டாக்டரிடம், வீட்டுக்காரரிடம், எல்லா இடத்திலும் எனக்கும் சேர்த்து அவள்தான் பேசுவாள். என்னோடு வேலை பார்த்த ஒருவர் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வீட்டுக்கு வந்தபோதும், "அவளுக்கு இதெல்லாம் ஒத்து வராதுங்க" என்று அக்காதான் பதில் சொன்னாள். நான் தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தேன். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்றானபோது உங்கள் ஆய்வகம்தான் வழி சொன்னது. ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை முன்கூட்டியே பேசிப் பதிந்து கொடுத்தால், பிற்பாடு அவள் தட்டச்சு செய்வதை அவள் குரலிலேயே இயந்திரம் பேசும். ஐந்து வாரம், வலியோடு, என் லேப்டாப்பில் பதிந்தாள். கோப்புகளை உங்கள் சர்வருக்கு ஏற்றுவது என் பொறுப்பு.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, "எல்லாம் பத்திரமா ஏறிடுச்சாடி?" என்று கேட்டாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

"ஏறிடுச்சுக்கா" என்றேன். ஒன்றுகூட ஏற்றியிருக்கவில்லை.

மறுநாள் வீட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். கோப்புகளை நகலெடுத்து அனுப்ப ஒரே வரிக் கட்டளைதான். முதலில் எழுதும் கோப்புறையில் இருப்பது இரண்டாவதற்குப் போகும். முதலாவதில் இல்லாததை இரண்டாவதிலும் அழிக்கச் சொல்லலாம். காலியாகக் கிடந்த உங்கள் சர்வரை முதலில் எழுதினேன். என் லேப்டாப்பை இரண்டாவதாக. பதிந்தது அத்தனையும் அழிந்தது. அவசரத்தில் இடம் மாறிப்போச்சு என்று உங்களிடம் சொன்னேன், அக்காவிடமும் சொன்னேன். அவள் சிலேட்டில், "அழாதடி. நீ வேணும்னேவா செஞ்சே?" என்று எழுதிக் காட்டி என் தலையைத் தடவினாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதே கட்டளை உங்கள் சர்வரில் ஏன் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது என்று நேற்று கேட்டீர்கள். முதல் முறை ஒத்திகை. எதையும் அழிக்காது; எவையெல்லாம் அழியும் என்று பட்டியல் மட்டும் காட்டும். ஆயிரத்து அறுநூறு பெயர்களையும் கடைசி வரை படித்தேன். பிறகு ஒத்திகை என்பதை எடுத்துவிட்டு எண்டர் தட்டினேன்.

இன்று காலை அக்காவிடம் சொல்லிவிட்டேன். சிலேட்டை விசிறிப் போட்டுவிட்டு என்னைத் திட்ட வாயெடுத்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

அந்த ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.