ஒரு அங்குல எழுத்து

பாடம் நடத்துவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, மேடம். முதல் பத்து நிமிடத்துக்குள் வகுப்பைச் சிரிக்க வைத்துவிட வேண்டும். சிரித்தவன் தூங்க மாட்டான்.

என் வகுப்பு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, என் தீவனக் கடையின் பின்பக்க அறையில் நடக்கும். கைத்துப்பாக்கி லைசென்ஸ் கேட்டு வருகிறவர்கள் அரை நாள் உட்கார்ந்து சட்டம் கேட்பார்கள், பரீட்சை எழுதுவார்கள், பிறகு மேய்ச்சல் காட்டுப் பக்கம் போய் ஐம்பது குண்டு சுட்டுக் காட்டுவார்கள். தேறினால் கையெழுத்துப் போடுவேன். சுடுவதில் யாருக்கும் சிரமம் கிடையாது. எங்கள் ஊரில் பல் முளைக்கும்போதே அது வந்துவிடும். சிரமம் எல்லாம் எங்கே கொண்டு போகலாம், எங்கே கூடாது என்பதில்தான். டெக்ஸஸில் பள்ளிக்கூடத்துக்குள் கூடாது, கோர்ட்டுக்குள் கூடாது, பாதி வருமானத்துக்கு மேல் மதுவில் வருகிற கடைக்குள் கூடாது. மற்ற தனியார் இடம் என்றால் இடத்துக்காரன் இஷ்டம். அவனுக்கு வேண்டாம் என்றால் வாசலில் போர்டு வைக்க வேண்டும். அதுவும் ஏனோதானோவென்று வைக்க முடியாது. சட்டத்தில் இருக்கிற வாசகம் அப்படியே இருக்க வேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும், ஒவ்வொரு எழுத்தும் ஒரு அங்குல உயரம் இருக்க வேண்டும். முக்கால் அங்குலம் என்றால் அது போர்டு இல்லை, வீட்டு அலங்காரம். இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும்.

பதினோரு வருஷம் இப்படி நடத்தினேன். வெர்லின் டீக் என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது, ஊருக்கே வாத்தியார்தான். எவனுக்குச் சந்தேகம் வந்தாலும் நேரே கடைக்கு வருவான். மாமியார் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஒருத்தன் கேட்டான். சட்டம் தடுக்காதுப்பா, உன் புத்திதான் தடுக்கணும் என்றேன். அதை ஒரு மாதம் ஊரே சொல்லிச் சிரித்தது.

ஓட்டோ கீஸ்லிங் வகுப்புக்கு வந்தது போன வருஷம் மார்ச்சில். மாவட்ட சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தேழு வயது, ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு டேப். அதுவரை துப்பாக்கியைத் தொட்டவர் இல்லை. அவர் மகள் லியோனாவை டிராய் ரஸ்க் கட்டியிருந்தான். அவன் பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று உங்களுக்கே தெரியும். ஓட்டோதான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, அவன் பக்கத்திலேயே வரக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கே டிராய் டயர் கடையில் நின்று பத்துப் பேர் கேட்க, "கிழவனைப் பொதைக்காம விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டான். அவன் சொன்னால் செய்வான். அதனால்தான் ஓட்டோ என்னிடம் வந்தார். உயிர்ப் பயத்தில் வந்த மனிதர், மேடம். அதை நான் ஒரு நாளும் மறுக்கவில்லை.

மூன்றாவது மணி நேரத்தில் கையைத் தூக்கினார்.

"வாத்தியாரே, போஸ்டாபீஸ் பார்க்கிங்ல வண்டிக்குள்ள பூட்டி வெச்சிட்டுப் போகலாம்னு சொன்னீங்களா?"

"ஆமா. வண்டி உங்க வீடு மாதிரி. இந்த ஸ்டேட்ல ஒருத்தனும் அதுல கை வைக்க முடியாது."

"ஸ்டேட் கை வைக்காதுங்க. ஆனா அந்தத் தரை ஸ்டேட்டோடது இல்லையே. அளந்து கல்லு நட்டதே நான்தான். பார்க்கிங்கும் சேர்த்து வாஷிங்டன் சர்க்கார் நிலம். அங்க வண்டிக்குள்ளகூட வைக்கக் கூடாது."

மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். படித்தேன். அவர் சொன்னது சரி. பின் வரிசையில் ஒருத்தன், "அப்ப பதினோரு வருஷமா உங்ககிட்ட படிச்சவன் பூரா குற்றவாளியா வாத்தியாரே?" என்றான். வகுப்பு அதுவரை சிரிக்காத சிரிப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போனேன்.

மதியம் நெல்டாவின் காபிக் கடைக்குப் போனால், எனக்கு முன்னால் கதை போய் உட்கார்ந்திருக்கிறது. நெல்டா கல்லாவில் நின்றுகொண்டே, "என்ன வாத்தியாரே, வண்டிய எங்க நிறுத்தினீங்க? யார் நிலம்னு பாத்து நிறுத்தினீங்களா?" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றிலிருந்து எனக்குப் பேர் பார்க்கிங். நேரிலேயே கூப்பிட்டார்கள். பிரியமாகத்தான் கூப்பிட்டார்கள், அதில் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஓட்டோ தேறினார். எழுத்துப் பரீட்சையில் என் வகுப்பில் இதுவரை யாரும் வாங்காத மார்க். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள். ஊரில் எங்கே போர்டு கண்டாலும் டேப்பை உருவிவிடுவார். பேங்க் வாசலில் குனிந்து அளந்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார். "தம்பி, இது முக்கால் அங்குலம். ஸ்பானிஷையும் காணோம். நான் துப்பாக்கியோடயே உள்ள வர்றேன், கோவிச்சுக்காதீங்க." மேனேஜர், "வாங்க சார், பணம் எடுக்கத்தானே வர்றீங்க, கொள்ளையடிக்கவா வர்றீங்க" என்று கதவைத் திறந்துவிட்டான். பல் டாக்டர் வாசல், சலூன், வண்டிச் சந்தை எல்லாம் அளந்தாயிற்று. ஒன்றுகூட தேறவில்லை. நெல்டாவின் கடையில் அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர். அவர் சட்டம் சொல்ல, அவர்கள் தலையாட்ட. என் கடைக்குச் சந்தேகம் கேட்டு வருவது நின்றுபோனது. வகுப்பில் இருபது பேர் ஆறு பேரானார்கள். இந்த வருஷம் ஜூலையில் நெல்டா சொன்னாள்: ஓட்டோ தானே வாத்தியார் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருக்கிறார், இனி சனிக்கிழமை அவரும் வகுப்பு எடுப்பார் என்று.

இதெல்லாம் ஒரு காரணமா என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் வலித்தது, மேடம். பிள்ளை குட்டி இல்லாதவன் நான். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு பேர்தான்.

ஒரு விஷயம் மட்டும் சும்மா யோசித்துக்கொண்டிருந்தேன். ஓட்டோ சட்டத்தை ஒரு நூல் மீறாதவர். சட்டப்படி போர்டு இருந்தால் திரும்பிப் போய்த் துப்பாக்கியை வண்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் வருவார். ஆனால் மாவட்டத்தில் ஒரு போர்டும் சரியில்லை. ஆகவே கோர்ட்டு, பள்ளிக்கூடம், போஸ்டாபீஸ் தவிர அவர் இடுப்பு எங்கேயும் காலியாக இருக்காது. கோர்ட்டில் காவல் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் அவர் போவதே இல்லை.

மான் வேட்டைக் கழகத்தின் விருந்து அக்டோபரில். நான் அதில் கமிட்டி உறுப்பினன். இந்த வருஷம் கூடத்துக்குள் துப்பாக்கி வேண்டாம் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். தலைவர் வேட் புரூவர் சிரித்துவிட்டார். "யோவ் பார்க்கிங், வேட்டைக்காரன் விருந்துக்குத் துப்பாக்கி இல்லாம வான்னு சொல்றது, மீன்காரன் வீட்டுல தண்ணி பொழங்கக் கூடாதுங்கற மாதிரில்ல இருக்கு?"

"போன வருஷம் பீரைக் குடிச்சிட்டு ஒருத்தன் கக்கூசுக்குள்ள துப்பாக்கியப் போட்டானே, அதைக் கைய விட்டு எடுத்தது யாரு? நீயா நானா?" என்றேன்.

எடுத்தது அவர்தான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

போர்டை வெளியே கொடுக்கவில்லை, நானே எழுதினேன். துப்பாக்கியை ஒளித்து வைத்திருப்பவருக்கு ஒன்று, வெளியே தெரிய வைத்திருப்பவருக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு மொழி. வெள்ளையில் கறுப்பு. பதினொரு நாள் பிடித்தது. ஒவ்வொரு எழுத்தையும் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒரு அங்குலத்துக்கு மயிரிழை கூடுதலாகவே இருக்கும், குறைவாக இருக்காது. நான் செய்ததிலேயே நேர்த்தியான வேலை அது. நீங்கள் அதைச் சாட்சியப் பொருளாக எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். மூலை மடங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓட்டோ முதலில் விருந்துக்கு வரவில்லை என்றார். கூட்டம் கூடும் இடம், டிராய் வந்தால் வம்பு என்றார். நான் போன் செய்து, போர்டு எழுதியிருக்கிறேன், நீங்கள் அளந்து சொன்னால்தான் எனக்குத் திருப்தி என்றேன். அதைக் கேட்டதும் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

டிராய்க்கு யார் சொன்னது என்று கேட்டீர்கள். விருந்துக்கு மூன்று நாள் முன்னால் நாய்த் தீவனம் வாங்க வந்தான்.

"ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வரலியா?" என்றேன்.

"நானா? அந்தக் கிழவன் இருப்பான்ல. கைய இடுப்புல வெச்சிக்கிட்டே திரிவான்."

"அன்னிக்கு வெறுங்கையோடதான் இருப்பார். வாசல்ல போர்டு வெக்கிறோம்."

"அவனா? குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டான்."

"என் போர்டைப் பாத்தா கழட்டுவார். அளந்து பாத்துட்டுக் கழட்டுவார்."

தோளில் ஏற்றிய தீவன மூட்டையை மறுபடி கீழே வைத்தான். "சாப்பாடு எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு."

போ என்று நான் சொல்லவில்லை, சுடு என்று சொல்லவில்லை. கேட்டான், சொன்னேன். கேட்டதற்குப் பதில் சொல்லாதவன் என்ன வாத்தியார்? கோர்ட் உத்தரவு இருக்கிறவன் துப்பாக்கி வைத்துக்கொள்ளவே கூடாது. அது அவன் மீறின சட்டம். நான் ஒன்றையும் மீறவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மான் கறி சாசேஜ், பீன்ஸ், பீச் பழ இனிப்பு. நான் மிளகாய்க் கறி அண்டாவின் பக்கத்தில் கரண்டியோடு நின்றேன். ஒன்றே முக்காலுக்கு ஓட்டோ வந்தார். டேப்பை எடுத்தார். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தேறுமா தேறாதா என்று பந்தயம் வேறு. இரண்டு போர்டிலும் மேலே, கீழே, நடுவே என்று பொறுமையாக அளந்தார். பிறகு நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மாவட்டத்திலேயே சட்டப்படி சரியான போர்டு இது ஒண்ணுதாங்க. வாத்தியார் வாத்தியார்தான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் வண்டிக்குத் திரும்பிப் போய், துப்பாக்கியைப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு உள்ளே வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு எண்பது சாட்சிகள் இருக்கிறார்கள். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு டிராய் உள்ளே வந்தான். போர்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. மூன்று தடவை சுட்டான். ஓட்டோ தட்டோடு சரிந்தார். அவருடைய வலது கை இடுப்பைத் தடவியதை நானும் பார்த்தேன். வேட் புரூவரும் இரண்டு பேரும் டிராயை அமுக்கிப் பிடிப்பதற்குள் ஓட்டோவின் உயிர் போய்விட்டது. லியோனாவுக்குப் போன் செய்தது நெல்டா.

ஆனால் நீங்கள் அதைக் கேட்கவில்லை. சுடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அண்டா பக்கத்தில் ஓட்டோ என்னிடம் என்ன பேசினார் என்றுதானே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நெல்டா பார்த்திருக்கிறாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஜன்னல் வழியாக டிராயின் பச்சை வண்டி வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு அவர் தட்டோடு என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம். அவன் வந்திருக்கான். உயிருக்கே ஆபத்துன்னா, போர்டு இருந்தாலும் எடுத்துட்டு வரலாம்னு ஏதோ ஒரு பிரிவு இருக்குல்ல? இப்ப ஒண்ணுமே ஞாபகம் வரமாட்டேங்குது."

இருக்கிறது, மேடம். கண்ணெதிரே நிற்கிற உயிராபத்தைத் தவிர்க்க ஒருவன் சட்டத்தை மீறினால் அது குற்றமாகாது. நான் வருஷக்கணக்காக நடத்துகிற பாடம். அது இல்லாவிட்டாலும், போர்டைத் தாண்டினதற்குக் கிடைப்பது ஒரு சின்ன அபராதம். பின்கதவு அண்டாவுக்குப் பின்னால் திறந்தேதான் இருந்தது. அவருடைய வண்டி அந்தப் பக்கம்தான் நின்றது.

"அதெல்லாம் செல்லாது ஓட்டோ. எடுத்துட்டு வந்தா ஜெயில்தான், லைசென்ஸும் போயிடும். பேசாம உட்கார்ந்து சாப்பிடுங்க, நான் ஷெரீஃபுக்குப் போன் போடறேன்" என்றேன்.

போன் போடவில்லை. என் போனைப் பார்த்திருப்பீர்கள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் உட்கார்ந்தார். ஒன்றரை வருஷமாக நான் வாயைத் திறந்தாலே திருத்திக்கொண்டிருந்த மனிதர், மேடம். அன்றைக்கு அவர் என்னைத் திருத்தவில்லை.