ஒதுங்கிய மண்

தம்பி: வாசல்ல நின்னு கத்தாதேக்கா. உள்ள வந்து உக்காந்து கத்து.

அக்கா: உக்கார வரலை. பதில் சொல்லு. ஆத்துக்கு அந்தக் கரை எனக்கு, இந்தக் கரை உனக்குன்னு அப்பா சரிபாதியாத்தானே பிரிச்சார்?

தம்பி: ஆமா...

அக்கா: இப்ப பாதியா இருக்கா?

தம்பி: ஆறு அரிச்சதுக்கு நான் என்ன பண்ண? ஆத்தைப் பிடிச்சுக் கட்டிப்போடவா?

அக்கா: என் வேலி போச்சு. கொல்லை போச்சு. உனக்கு மட்டும் வருஷா வருஷம் மேடு வளருது. அதுல கத்தரி வேற போட்டிருக்கே!

தம்பி: கண்ணு வைக்காதே. காத்தடிச்சா அந்த மேட்டு மணல் பூரா என் சோத்துலதான் விழுது. நறநறன்னு...

அக்கா: என் மண்ணை என்னைக் கேக்காமத் தின்னா நறநறன்னுதான் இருக்கும்.

தம்பி: உன் மண்ணா? உன் கரையில கரைஞ்சது எந்தக் கடல்ல கிடக்கோ! இது மேல மலையில இருந்து வந்த வண்டல்.

அக்கா: சரி. மலையில இருந்து வந்த வண்டலுக்கு உன் கரைக்கு மட்டும்தான் வழி தெரியுமா?

தம்பி: உன் பக்கம் தண்ணி வேகமா ஓடுது, வாரிக்கிட்டுப் போகுது. என் பக்கம் மெதுவா ஓடுது, சுமையை இறக்கி வச்சுட்டுப் போகுது. அவ்வளவுதான்.

அக்கா: மெதுவாக்கினது யாரு?

தம்பி: யாரு... அங்க ஒரு வளைவு...

அக்கா: அப்பா காலத்துல இல்லாத வளைவு?

தம்பி: போன வாரமே சொன்னியே, வீட்டுச் சுவரைத் தண்ணி நக்குதுன்னு... இப்ப எப்படி இருக்கு...

அக்கா: சொன்னேன்ல? வந்து எட்டிப் பாத்தியா?

தம்பி: வெளியூர்ல வேலை இருந்துச்சுக்கா, இப்பத்தான் வந்தேன்... புடவையெல்லாம் சேறா இருக்கே, முதல்ல காலைக் கழுவு...

அக்கா: பேச்சை மாத்தாதே. உன் மேல்மூலையில ஆத்துக்குள்ள நீட்டிக்கிட்டு ஒரு கல்வரிசை நிக்குதே, அது என்ன?

தம்பி: அதுவா... வெள்ளத்துல உருண்டு வந்த கல்லு.

அக்கா: வரும்போதே கம்பிவலை மாட்டிக்கிட்டு வந்துச்சா?

தம்பி: இரு, குடிக்கத் தண்ணி கொண்டு வர்றேன்...

அக்கா: சொல்லுடா. வெள்ளம் உனக்கு வலை பின்னிக் குடுத்துச்சா?

தம்பி: என் கரையும் இடிஞ்சுதுக்கா. பிள்ளைகுட்டிக்காரன்... வேற வழி தெரியல.

அக்கா: கல்லுல முட்டின தண்ணி எங்க போகும்?

தம்பி: விடேன்...

அக்கா: வாயைத் திறந்து சொல்லு.

தம்பி: ...உன் கரைக்கு.

அக்கா: ஆக, தெரிஞ்சேதான் போட்டிருக்கே. எதிர்ல கூடப் பிறந்தவ குடியிருக்காளேன்னு ஒரு கல்லு போடும்போதுகூடவா உறுத்தலை?

தம்பி: உறுத்துச்சு. போதுமா? நாளைக்கே ஆளை வச்சு அத்தனை கல்லையும் எடுத்துடறேன். மேடு போனா போகட்டும். உன் வீடாவது நிக்கட்டும்.

அக்கா: ஒரு கல்லை அசைச்சே, தொலைச்சுடுவேன்!

தம்பி: என்னக்கா இது? இவ்வளவு நேரம் அதுக்குத்தானே குதிச்சே?

அக்கா: எடுன்னு சொன்னேனா? நீதான் போட்டேன்னு உன் வாயால வரணும். அதுக்குத்தான் குதிச்சேன்.

தம்பி: அப்ப உன் வீடு?

அக்கா: அது நேத்து மத்தியானமே ஆத்தோட போயிடுச்சு. மிஞ்சின சட்டிபானையைத் தூக்கிக்கிட்டு, பாலத்தைச் சுத்தி வந்து, உன் மேட்டு மோட்டார் கொட்டகையில அடுப்பு மூட்டிட்டுத்தான் இங்க வர்றேன். அந்தக் கல்லு இனிமே எனக்கும் காவல்டா.