ஒரு சொட்டு ஈயம்

இரவு பதினொரு மணி. கிட்வே ஊரில் செம்புச் சுரங்க வாசலிலிருந்து தொழிலாளர் குடியிருப்புக்குப் போகும் செம்மண் பாதை... ஒரு விளக்கு கிடையாது. இருபுறமும் கசடு மேடு. தொண்டையைப் பிடிக்கும் கந்தகப் புகை. அந்தப் பாதையில் கசோண்டே தனியாக வந்துகொண்டிருந்தான். என் நண்பன் சிபுயேயின் தாய்மாமன். கதை அளக்கிற ஆள் இல்லை. சந்தையில் ரேடியோ பழுது பார்ப்பவன், எதையும் கழற்றிப் பார்த்தால்தான் நம்புவான். அந்தக் கரியைக் கொஞ்சம் கிளறிவிடுங்கள், சொல்கிறேன்.

எழுபத்து நான்காம் வருடம், அக்டோபர், ஒரு வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே சுரங்கத்துக்குள் பாறை சரிந்து மலாமா மாட்டிக்கொண்டிருந்தான். கசோண்டேயும் அவனும் ஒரே இசைக்குழு. மலாமா பாடுவான், இவன் கிடார். காற்றுக் குழாய் வழியாக உள்ளேயிருந்து ஏதோ சத்தம் வருகிறது, ஆள் உயிரோடுதான் இருக்கிறான் என்று வாசலில் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாளும் கசோண்டே பகல் முழுக்க அங்கேயே கிடந்தான். நானும் வந்து தோண்டுகிறேன் என்று கெஞ்சினான். சுரங்கம் தெரியாதவனை உள்ளே விடவில்லை.

அவனுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஃபஸ் பெட்டி. காலால் மிதித்தால் கிடார் ஒலி குளவிக்கூட்டைக் கலைத்தது மாதிரி இரைய வேண்டும். பிஸ்கட் டப்பாவுக்குள் அதை அவனே கட்டிக்கொண்டிருந்தான். அதற்கு வேண்டிய இரண்டு டிரான்சிஸ்டரைச் சரிவுக்கு முதல் நாள்தான் மலாமா தன் வீட்டு ரேடியோவிலிருந்து பிடுங்கிக் கொடுத்திருந்தான். "ரேடியோவ ஊமையாக்கிட்டாரு. இனிமே அவரு பேசறத மட்டும்தான் நான் கேட்டுக்கிட்டு கெடக்கணுமாம்," என்று அவன் மனைவி லோம்பே தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

இந்தப் பெட்டி முடிந்தால் மலாமா வெளியே வந்துவிடுவான்... இப்படி ஒரு நினைப்பு கசோண்டேயின் மனதில் விழுந்துவிட்டது. பைத்தியக்காரத்தனம்தான். அவன் வேறு எதைப் பிடித்துக்கொள்வான், சொல்லுங்கள்.

வீட்டில் ன்ஷிமா, அதுதான் சோளமாவுக் களி, ஆறிக் கல்லாகிக் கிடந்தது. தொடவில்லை. ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைக் கரியடுப்பில் சொருகிவிட்டுப் பெட்டியை ஒலிபெருக்கியோடு இணைத்தான்.

டொக்... டொக்... டொக்... டொக்... டொக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் அதேதான்.

செவ்வாய் இரவிலிருந்து இந்தச் சத்தம் அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் டிரான்சிஸ்டர் சேட்டை செய்கிறது என்று ஈரத்துணி சுற்றினான். நிற்கவில்லை. பேட்டரியை மாற்றினான். நிற்கவில்லை. கிடார் ஒயரையே பிடுங்கிப் போட்டான்... ஒயர் தரையில் கிடக்க, ஒலிபெருக்கியில் டொக், டொக். ஜன்னல் மூடியிருந்தும் அறைக்குள் ஈரக் கல் வாடை. வெடிமருந்து வாடை. மூன்று நாள் சுரங்க வாசலில் நின்ற சட்டை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு ஒரு தீக்குச்சியை எடுத்து ஒவ்வொரு இணைப்பாக அழுத்திப் பார்த்தான். மலாமாவின் டிரான்சிஸ்டர் ஒன்று. அதன் நடுக்காலை அழுத்தியதும் சத்தம் அமுங்கியது. இங்கேதான் கோளாறு! மூன்று ராத்திரித் தூக்கம் போன கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு.

அயர்னை எடுத்துக் கிட்டே கொண்டுபோனான்.

தட்டு வேகமெடுத்தது. இடைவெளியே இல்லை. டொக்டொக்டொக்டொக்...

ஈயத்தைத் தாராளமாக உருக்கி ஒரு சொட்டு வைத்தான். புஸ்ஸென்று புகை.

நின்றுவிட்டது.

கிடாரை மாட்டி ஒரு கம்பியை மீட்டினான். அப்படி ஒரு ஒலியை அந்தக் குடியிருப்பு அதுவரை கேட்டதில்லை. கடிகாரத்தைப் பார்த்து, மூடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதினான்: இரண்டு பத்து. வருவான், நாளைக்கே வருவான் என்று சொல்லிக்கொண்டே தரையில் படுத்துத் தூங்கிவிட்டான்.

விடிந்ததும் சுரங்க வாசலுக்கு ஓடினான். மீட்புக் குழுவில் இருந்த கபாசோ தொப்பியைக் கழற்றிவிட்டு மதிலோரம் உட்கார்ந்திருந்தான். குழாயில் சத்தம் நின்றுவிட்டதாம். இனி அவசரமில்லை என்று பாதிப் பேரை மேலே அனுப்பிவிட்டார்களாம்.

கசோண்டே அவன் எதிரே குந்தினான். என்ன சத்தம் என்று கேட்டான்.

"அஞ்சு தட்டு. கொஞ்சம் விட்டு, திரும்ப அஞ்சு. உயிரோட இருக்கேன், வாங்கன்னு அர்த்தம். எங்காளுங்க எல்லாருக்கும் தெரியும். ராத்திரி ரெண்டு பத்துக்கு நின்னுச்சுடா. நிக்கறதுக்கு முன்னால ரொம்ப வேகமா தட்டினான். எதையோ பாத்துப் பயந்த மாதிரி."

கசோண்டே எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஈயத்தைச் சுரண்டினான். இணைப்பைப் பிய்த்தான், மறுபடி வைத்தான். ஈரத்துணியைச் சுற்றினான், அவிழ்த்தான். தீக்குச்சியால் குத்தினான். "தட்டுடா மலாமா... ஒரே ஒரு தடவ தட்டுடா," என்று டப்பாவைக் கட்டிக்கொண்டு அவன் கெஞ்சியதை அக்கம்பக்கம் முழுக்கக் கேட்டது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கிடாரை மீட்டினால் சுத்தமாகப் பாடியது. மீட்டாவிட்டால் அமைதி.

ஒன்பதாம் நாள் பாறையைத் துளைத்து உள்ளே போனார்கள். முதலில் போனவன் கபாசோ. மலாமா குழாயோரம் உட்கார்ந்தபடியே இருந்தான். கையில் ஸ்பானர். அதைக் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குழாயிலிருந்துதான் எடுக்க முடியவில்லை.

கபாசோ விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தான். ஸ்பானரின் வாய் குழாயோடு ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு சொட்டு ஈயம்... புதுசாகப் பளபளத்துக்கொண்டு.